பெட்டி நம்முடையது, கணக்கேடு யாருடையது?

விலை கொடுத்து வாங்கிய வீட்டில், வாங்கியவன் நுழையலாகாத அறையொன்று உண்டென்றால் அவன் பொறுப்பானா? அவ்வறையின் அளவையேனும் சொல் என்று கேட்குங்கால், அஃது உனக்கு வேண்டாத செய்தி என்று விற்றவன் விடையிறுத்தால் வாய் மூடி இருப்பானா? வீட்டின் வகையில் எவனும் பொறாத இவ்விழிவைக் கணினியின் வகையில் இவ்வுலகம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுத்துக் கொண்டிருக்கின்றது. பொறுத்ததோடும் நின்றதா? அதுவே அறிவியலின் இயல்பென்று கருதி அமைதியும் கொண்டுவிட்டது. அவ்வமைதியைக் கலைக்கவே இக் கட்டுரை எழுதப் பெறுகின்றது.

கணினிக்கு மின் ஊட்டப்பெறும் முதல் நொடியில் அதனுள் விண்டோசும் இல்லை, லினக்சும் இல்லை. முதற்கண் விழிப்பது தாய்ப்பலகையின் சில்லொன்றில் எழுதி வைக்கப்பெற்ற சிறு நிரலே. அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு அமைப்பு என்னும் பொருள்பட அதனைப் பயாசு என்று வழங்குவர். விசைப்பலகையை எழுப்புவதும், திரையை எழுப்புவதும், வட்டினைத் தேடுவதும் அதன் வேலைகள் என்பதைப் பலர் அறிவர். அவற்றினும் பெரிய வேலையொன்று அதற்குண்டு. நினைவகத்தில் எவ்விடம் வெற்றிடம், எவ்விடம் ஒதுக்கிடம், எவருக்கு எவ்வளவு என்னும் கணக்கை வைத்திருப்பதும், கேட்பார்க்கு அளந்து கொடுப்பதும் அதன் கையிலேயே உள்ளன. ஊருக்கு நிலக்கணக்கு எப்படியோ, கணினிக்கு நினைவகக் கணக்கு அப்படி. கணக்கப்பிள்ளை நேர்மையானவரா? அவர்தம் ஏட்டை ஊரார் புரட்டிப் பார்க்கலாமா? இவ்விரண்டு வினாக்களே ஊரின் வாழ்வையும் தாழ்வையும் முடிவு செய்வன.

இக் கணக்குத் தொடங்கிய வரலாற்றைப் பார்ப்போம். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதனுள் இருந்த இண்டெல் 8088 சில்லு இருபது முகவரிக் கம்பிகளை உடையது. ஆகலின் அஃது எட்டக் கூடிய பரப்பு 10,48,576 பைட்டு, அஃதாவது ஒரு மெகாபைட்டு. அதில் கீழ்ப்பகுதியான 640 கிலோபைட்டை நிரல்களுக்கு விட்டு, மேற்பகுதியான 384 கிலோபைட்டைத் திரைக்கும் அட்டைகளுக்கும் பயாசுக்குமாக ஐ.பி.எம். வகுத்து வைத்தது. நினைவகம் எவ்வளவு என்று ஒரு நிரல் கேட்டால் பயாசு ஒரே ஓர் எண்ணை விடையாகத் தரும். சிற்றூர், ஒரே வயல், ஒரு வரியில் கணக்கு முடிந்தது.

கணினி வளர்ந்தது; கணக்கு வளரவில்லை. 1984இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணினியின் 80286 சில்லு 16 மெகாபைட்டு வரை எட்ட வல்லது. ஒரு மெகாபைட்டுக்கு மேலுள்ள பரப்பைச் சொல்லப் பயாசில் வேறொரு பணி சேர்க்கப்பட்டது. அதன் விடையோ 65,535 கிலோபைட்டுக்கு மேற்போக மாட்டாதது. பிற்கணினிகள் 64 மெகாபைட்டை எட்டியபோது கணக்கப்பிள்ளையின் ஏட்டில் எழுத இடமில்லை! இதனினும் நகைப்பிற்குரியது வேறொன்றுண்டு. ஒரு மெகாபைட்டைத் தாண்டிய முகவரி, பழைய 8088இல் சுழன்று சுழிக்கே திரும்பிவிடும். அத் திரும்பலை நம்பி எழுதப்பெற்ற பழைய நிரல்கள் சில இருந்தன. அவை புதிய சில்லிலும் பிழைக்க வேண்டுமென்று, இருபத்தோராம் முகவரிக் கம்பியை அடைத்து வைக்க ஒரு வாயிலை அமைத்தனர். அவ்வாயிலின் தாழ்ப்பாளை எங்கே வைத்தனர் தெரியுமா? விசைப்பலகையைக் கண்காணிக்கும் சில்லில்! ஏரி மடையைத் திறக்கும் கோலை மணியக்காரர் வீட்டு அடுப்படியில் வைத்தாற்போல என்க. இத்தகைய ஒட்டுவேலைகளைத்தான் நாம் பெருநிறுவனங்களின் பேரறிவென்று அண்ணாந்து பார்த்துக் கொண்டிருக்கின்றோம்.

ஒட்டுக்குமேல் ஒட்டாகப் போட்டுப் பார்த்தவர்கள் இறுதியில் பட்டியல் முறைக்கு வந்தனர். அப் பணியின் எண்ணைக் கொண்டே அதனை ஈ820 என்று துறையினர் வழங்குவர். 1996இல் வெளிவந்த ஏ.சி.பி.ஐ. நெறிநூலில் அது வரையறுத்து எழுதப் பெற்றுள்ளது. கேட்குந்தோறும் பயாசு ஒரு வரியைத் தரும். ஒரு வரிக்கு 20 பைட்டு: தொடங்கும் முகவரிக்கு எட்டு, நீளத்திற்கு எட்டு, வகைக்கு நான்கு. வகை 1 எனின் எடுத்தாளத் தக்கது. வகை 2 எனின் ஒதுக்கப்பட்டது, தொடாதே என்று பொருள். இயங்குதளம் தன் நினைவக ஆட்சி முழுமைக்கும் இப் பட்டியலையே அடியாகக் கொள்கின்றது. இது பட்டா நிலம், இது புறம்போக்கு என்று கணக்கப்பிள்ளை சொன்னால் சொன்னதுதான். மறுத்துக் கேட்க ஊராரிடம் வேறு ஏடு இல்லை.

இயங்குதளம் வருமுன்னரே நடக்கும் கொடுக்கல் வாங்கலும் ஒன்றுண்டு. திரையட்டை, வலையட்டை, வட்டு அட்டை போல்வன தத்தம் சிறு நிரல்களைத் தம்முடனேயே கொண்டு வருகின்றன. பயாசு அவற்றை ஒவ்வொன்றாக எழுப்பும். எழுந்தவற்றுக்கு வேலை செய்ய இடம் வேண்டும். கேட்டுப் பெறும் முறை இல்லாவிடின் ஒன்றன் இடத்தை மற்றொன்று அழிக்கும். இதனைத் தவிர்க்க 1990களின் பிற்பகுதியில் பீனிக்சு, இண்டெல் ஆகிய நிறுவனங்கள் பி.எம்.எம். எனப்படும் தொடக்க நினைவக மேலாண்மை நெறியை வகுத்தன. அதில் மூன்றே பணிகள்: கொடு, தேடு, திரும்பப் பெறு. கேட்பவன் தனக்கு வேண்டும் அளவைப் பதினாறு பைட்டுக் கூறுகளாகச் சொல்ல வேண்டும். கீழ்ப்பகுதியில் வேண்டுமா, ஒரு மெகாபைட்டுக்கு மேல் வேண்டுமா, எங்கிருப்பினும் ஏற்பானா என்பதையும் சொல்ல வேண்டும். பின்னர்த் தேடிக் கொள்ள அடையாள எண்ணொன்றும் தரலாம். அளவைச் சுழி என்று கேட்டால், கொடுக்கக் கூடிய மிகப் பெரிய தனிப்பரப்பு எவ்வளவு என்னும் விடை வரும். இயங்குதளத்தை ஏற்றும் வேளையில் அக் கடை மூடப்பெறும். இவ்வளவே! பள்ளி மாணவன் குறிப்பேட்டில் எழுதி வைக்கக் கூடிய கணக்கு. நெறி வெளியாயிற்று, அந் நெறியை நிறைவேற்றும் நிரலோ பெரும்பாலும் விற்பவரின் கமுக்கமாகவே காக்கப்பட்டது. நெறிப்படி அளக்கின்றாரா, தமக்கென்று ஒரு பிடி ஒதுக்கிக் கொள்கின்றாரா என்பதை வாங்கியவன் அறிய வழியில்லாது போயிற்று.

இக் கமுக்கத்தை உடைத்தது எது? வழக்கு மன்றமா? அரசின் ஆணையா? இரண்டுமில்லை. ஒப்பியக்கியே உடைத்தது. ஒரு பொறியின் நடத்தையை மற்றொரு பொறியில் நிரலாலேயே நடத்திக் காட்டும் எமுலேட்டரைத்தான் ஒப்பியக்கி என்று இங்குக் குறிக்கின்றோம். திரையட்டையின் சிறு நிரல் இண்டெல் வழிச் சில்லுக்கென எழுதப்பெற்றது. வேறு வகைச் சில்லுடைய கணினியில் அது விளங்காது. அங்குப் பயாசும் கிடையாது. ஒப்பியக்கியோ இல்லாத சில்லை இருப்பதாகக் காட்டி, அச் சிறு நிரலை அதனுள் ஓடச் செய்யும். ஓடும் நிரல் பயாசு இருப்பதாக எண்ணி, எனக்கு நினைவகம் கொடு என்று கேட்கும். அவ்விடத்தில் ஒப்பியக்கியே கணக்கப்பிள்ளையாகி விடை சொல்ல வேண்டும். சொல்லும் விடை எழுத்துப் பிசகாமல் பயாசின் விடையை ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் திரை எழாது. எனவே ஒப்பியக்கி எழுதப் புகுந்தவன், மறைக்கப்பட்டிருந்த கணக்கை வரிவரியாக மீட்டெழுத வேண்டியவனானான். எழுதியதை உலகறிய வெளியிட்டும் விட்டான்.

இதிலுள்ள வேடிக்கையைக் கேளுங்கள். 1981இல் பயாசைப் படைத்த அதே ஐ.பி.எம்., தன் பவர் வகைக் கணினிகளில் திரையட்டைகளை எழுப்ப வழியின்றி, ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகட்குப் பின்னர்த் தானே ஒரு பயாசு ஒப்பியக்கியை எழுத வேண்டிய நிலைக்கு ஆளாயிற்று! யாபெல் எனப்படும் அவ்வொப்பியக்கி 2008ஐ ஒட்டி வெளியாயிற்று. அதன் மூலநிரலில் நினைவகப் பணிகளுக்கென்றே தனிக்கோப்பு ஒன்றுண்டு. கொடு, தேடு, திரும்பப் பெறு என்னும் அம் மூன்றும் அங்கே எவரும் படிக்கும் வண்ணம் எழுதப்பட்டுள்ளன. அமெரிக்காவின் லாசு அலமோசு ஆய்வகத்தில் 1999இல் லினக்சு பயாசு என்னும் பெயரில் தொடங்கி, 2008இல் கோர்பூட்டு என்று பெயர் மாறிய திறந்த நிரல் திட்டமும் அவ்வொப்பியக்கியை ஏற்றுக் கொண்டது. தான் கட்டிய பூட்டுக்குத் தானே புதுத் திறவுகோல் செய்ய நேர்ந்தவனின் கதையன்றோ இது!

ஒப்பியக்கியுள் ஓடும் அட்டை நிரலின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். வெறும் பொறியில் ஓடும்போது அது நினைவகம் முழுவதையும் தொட வல்லது, தடுப்பாரில்லை. ஒப்பியக்கியுள்ளோ, அது படிக்கும் ஒவ்வொரு பைட்டும் எழுதும் ஒவ்வொரு பைட்டும் கணக்கப்பிள்ளையின் கையைக் கடந்தே செல்ல வேண்டும். கொடுத்த எல்லையைத் தாண்டினால் அந் நொடியே தெரியும். அட்டை விற்றவனின் கமுக்க நிரல், உடையவனின் கண் முன்னே வேலை செய்யும் கூலியாளாகின்றது. ஆள்வோன் யார், ஏவல் செய்வோன் யார் என்னும் முறை அங்கேதான் நேராகின்றது.

அட்டையின் நிரல் ஒருபுறம் இருக்க, பயாசையே முழுமையாகப் புதிதாய் எழுதியவரும் உளர். 2008இல் தோன்றிய சீபயாசு, பாக்சு என்னும் ஒப்பியக்கியின் பயாசிலிருந்து கிளைத்தது. கியூஎமு என்னும் ஒப்பியக்கி, தனியாள் கணினி வகைப் பொறிகளுக்குத் தன்னியல்பாக எடுத்துக் கொள்ளும் பயாசு இதுவே. ஒரே இரும்புப் பொறியில் பல கணினிகளைப் போல நடித்துக் காட்டும் மெய்ந்நிகர் பொறிகள் பலவற்றில் முதல் மூச்சு விடுவது இந் நிரலே. இதன் நினைவகக் கணக்கு எப்படி இருக்கின்றது? கீழ்ப்பகுதி, மேற்பகுதி, தொடக்கத்திற்கு மட்டும் உரியது, இறுதிவரை நிற்பது என்று பரப்புகளை வகைபிரித்து வைத்துள்ளது. தொடக்கத்திற்கு மட்டும் உரியதை வேலை முடிந்ததும் விட்டுவிடுகின்றது. மேற்பகுதியில் தனக்கென நிலையாக வைத்துக் கொண்டதை ஈ820 பட்டியலில் ஒதுக்கிடம் என்று தானே எழுதிக் கொடுக்கின்றது. ஐயமிருப்பின் மூலநிரலைத் திறந்து பார்க்கலாம். நேர்மையான கணக்கு என்பதற்கு வேறு இலக்கணம் உண்டோ?

இனி, கமுக்கப் பயாசுகளின் நேர்மைக்குச் சான்று பார்ப்போம். பட்டியலில் வகை 1 என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னர் அதே இடத்தில் தாமே எழுதி அழித்த பயாசுகள் பல. கொடுத்த நிலத்தில் இரவோடிரவாக ஏர் ஓட்டிய கணக்கப்பிள்ளைகள்! லினக்சு எழுதுவோர் இக் கேட்டினைக் கண்டு, முதலில் அடி நினைவகத்தின் 64 கிலோபைட்டைத் தொடாமல் ஒதுங்கினர். 2021இல், எந்தப் பயாசு என்ன சொன்னாலும் முதல் ஒரு மெகாபைட்டு முழுவதையும் எடுத்தாளாமல் விட்டுவிடுவதென்று முடிவு செய்தனர். எண்ணிப் பாருங்கள்! 1981இல் முழுக் கணினியின் எல்லையாக இருந்த அதே ஒரு மெகாபைட்டு, இன்று நம்பத் தகாத நிலமென்று வேலியிட்டு விடப்பட்டுள்ளது. இன்றைய நினைவகப் பெருக்கில் ஒரு மெகாபைட்டு பெரிதன்று என்பீர். இழப்பின் அளவு பெரிதன்றுதான். கணக்கின்மேல் வைத்த நம்பிக்கை போயிற்றே, அதற்கு அளவேது?

இன்னொன்றையும் சொல்வோம். 1990இல் இண்டெலின் 386 எசு.எல். சில்லோடு எசு.எம்.எம். எனப்படும் அமைப்பு மேலாண்மை நிலை வந்தது. அதற்கென நினைவகத்தில் ஒரு பகுதி மறைக்கப்படும். பூட்டிய பின்னர் இயங்குதளம்கூட அதனைப் படிக்க இயலாது. இயங்குதளம் ஓடிக் கொண்டிருக்கையிலேயே சில்லு அதனை நிறுத்திவிட்டு மறைவிடத்து நிரலை ஓட்டித் திரும்பும். நிறுத்தப்பட்டதை நிறுத்தப்பட்டவனே அறியான். பட்டியலில் அதற்குரிய சொல் ஒதுக்கிடம் என்பது மட்டுமே. எதற்காக, எவருக்காக என்னும் வினாவுக்கு அங்கு விடையில்லை. தொடக்கத்தில் சொன்ன பூட்டிய அறை இதுவே.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லுங்கால் மூன்று மறுப்புகள் எழுகின்றன.

முதலாவது, கமுக்கம் இல்லையேல் தொழில் வளராது என்பது. வரலாறு இதற்கு நேர்மாறாகச் சான்று பகர்கின்றது. ஐ.பி.எம். தன் பயாசின் மூலநிரலைத் தன் தொழில்நுட்பக் கையேட்டிலேயே அச்சிட்டு விற்றது. படியெடுப்பதைப் பதிப்புரிமையால் தடுத்தது. 1982இல் தோன்றிய காம்பாக்கு நிறுவனம், அம் மூலநிரலைப் பாராதவர்களைக் கொண்டு, நடத்தையை மட்டும் ஒத்த புதிய பயாசை எழுதியது. பீனிக்சு நிறுவனமும் அவ்வழியே எழுதி, 1984இலிருந்து வேண்டுவோர்க்கெல்லாம் விற்றது. ஒத்தியங்கும் கணினிகள் உலகெங்கும் பெருகி விலை வீழ்ந்ததற்கு அதுவே அடிப்படை. கணக்கை மற்றவரும் எழுதலாம் என்று ஆன பின்னரே தொழில் வளர்ந்தது. அவ்வாறு வளர்ந்தவர்களே பின்னர்த் தம் ஏட்டுக்குப் பூட்டுப் போட்டனர் என்பதுதான் கொடுமை.

இரண்டாவது, மறைத்து வைத்தால்தான் பாதுகாப்பு என்பது. 2023 இறுதியில் லோகோபெயில் என்னும் பெயரோடு ஒரு குற்றம் வெளிப்பட்டது. தொடக்கத்தில் திரையில் தோன்றும் சின்னப் படத்தைப் படிக்கும் நிரற்பகுதிகள் நினைவகத்தைத் தவறாகக் கையாண்டன. திரிக்கப்பட்ட படமொன்றைக் கொண்டே, இயங்குதளம் எழுமுன்னர் வேண்டாத நிரலை ஓட்ட முடிந்தது. தனித்துத் தொடக்க நிரல் விற்கும் பெருநிறுவனங்கள் மூன்றின் நிரல்களிலும் இக் குற்றம் இருந்தது. மறைப்பு எதைக் காத்தது? பிழையைத்தான் காத்தது! திறந்த நிரலில் பிழையே இல்லையா என்று கேட்பர். உண்டு, 2024 தொடக்கத்தில் ஈ.டி.கே.-2 என்னும் திறந்த நிரலின் வலைப்பகுதியில் ஒன்பது குற்றங்கள் வெளியிடப்பட்டன. இரண்டுக்கும் வேறுபாடு இதுதான்: திறந்த ஏட்டில் பிழையைக் கண்டவன் திருத்தத்தையும் எழுதித் தரலாம், பூட்டிய ஏட்டில் விற்றவன் மனம் வைக்கும்வரை காத்துக் கிடக்க வேண்டும்.

மூன்றாவது, இவையெல்லாம் பழங்கதை. பயாசு போய் யூ.ஈ.எப்.ஐ. வந்துவிட்டது என்பது. பழைய பயாசு போலியாய் நடிக்கும் ஒத்தியங்கு பகுதியை 2020க்குள் நீக்கப் போவதாக 2017இல் இண்டெல் அறிவித்தது மெய்தான். ஆனால் நடந்தது என்ன? ஈ820க்கு மாற்றாக வேறொரு பட்டியல் வந்தது. பட்டியலை எழுதுபவர் மாறவில்லை. இயங்குதளம் ஆட்சியை ஏற்ற பின்னர் விட்டுவிட வேண்டிய நினைவகத்தைத் தொடர்ந்து தொடும் தொடக்க நிரல்கள் புதிய முறையிலும் இருக்கின்றன. அதற்கெனவே லினக்சு, அப் பரப்பினைச் சிறிது நேரம் கையகப்படுத்தாமல் காத்திருந்து எடுக்கின்றது. பெயர்ப்பலகை புதிது, கணக்கப்பிள்ளை பழையவர்! இந் நிலையில் பழைய கணக்கை ஒப்பியக்கியில் படித்தறிவது, புதிய கணக்கில் எங்கே கை வைக்கின்றார்கள் என்று காணும் கண்ணைத் தரும்.

ஆகலின், அன்பர்களே, கேட்க வேண்டியவற்றை அஞ்சாமல் கேட்போம். கணினியை விற்பவன் அதன் தொடக்க நிரலின் மூலத்தையும் உடன் தர வேண்டும். நினைவகப் பட்டியலில் ஒதுக்கிடம் என்று எழுதும் ஒவ்வொரு வரிக்கும், எதற்காக ஒதுக்கினான் என்று விளக்கம் எழுத வேண்டும். உடையவன் விரும்பினால் அந் நிரலை நீக்கி வேறொன்றை அமர்த்தும் உரிமையைப் பூட்டுப் போட்டுத் தடுக்கலாகாது. பொதுப்பணத்தில் கணினி வாங்கும் அலுவலகமும் பள்ளியும் இம் மூன்றையும் வாங்குமுன்னரே கேட்க வேண்டும். கேட்டுத் தராதவனிடம் வாங்காதொழிய வேண்டும்.

நிரல் கற்ற இளைஞர்க்கு இன்னுமொரு கடமை உண்டு. சீபயாசின் மூலநிரல் திறந்து கிடக்கின்றது. யாபெலின் நினைவகக் கோப்பும் அவ்வாறே. அவற்றை எடுத்துப் படியுங்கள். ஒரு பரப்பு எங்கே கேட்கப்படுகின்றது, எங்கே கொடுக்கப்படுகின்றது, எங்கே திரும்புகின்றது என்று வரிவரியாகத் தொடர்ந்து செல்லுங்கள். பின்னர் உங்கள் கணினியில் லினக்சு எழுங்கால் அது காட்டும் நினைவகப் பட்டியலைப் பாருங்கள். தொடாதே என்று எழுதப்பட்ட வரிகளை எண்ணுங்கள். அவ்வரிகளுள் எத்தனைக்கு உங்களால் பொருள் சொல்ல முடிகின்றது என்று பாருங்கள். சொல்ல முடியாத ஒவ்வொரு வரியும், உங்கள் வீட்டில் இன்னொருவன் பூட்டி வைத்திருக்கும் ஓர் அறை. திறவுகோலைக் கேட்பது பிச்சையன்று; வாங்கியவனின் உரிமை!